சுகரும் இல்லை, இன்ஃபெக்‌ஷனும் இல்லை: தைராய்டு எனக்குச் சிறுநீரில் தெரிந்த கதை

தைராய்டு என்று சொன்னதும் நம் ஊரில் பேச்சு மூன்று விஷயத்தில் போய் நிற்கும்: உடம்பு போடுவது, முடி கொட்டுவது, மாதவிடாய் தள்ளிப்போவது. சிறுநீரைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. சொல்லவே கூச்சம். அதோடு கழுத்தில் இருக்கிற சுரப்பிக்கும் அடிவயிற்றுக்கும் என்ன சம்பந்தம் என்றுதான் யாருக்கும் தோன்றும். எனக்குத் தைராய்டு சுரப்பு கூடியபோது முதலில் மாறியது சிறுநீர்தான். பிறகு மருந்தினால் அந்தச் சுரப்பு தேவைக்கு மேல் குறைந்தபோது வேறு விதமான தொல்லை வந்தது. இரண்டு பக்கத்தையும் ஒரே உடம்பில் பார்த்துவிட்டதால் எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை, தென்காசிப் பக்கம் ஒரு பள்ளியில் கணக்கு எடுக்கிற டீச்சர். எனக்கு வைத்தியம் பார்த்தவர்களிடம் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டதுதான் இதில் பாதி.

ஐப்பசி மாதம் ஆரம்பித்தது. வெளியே அடைமழை. பிள்ளைகள் கையைக் கட்டிக்கொண்டு ஒடுங்கி உட்கார்ந்திருப்பார்கள், எனக்கு மட்டும் ஃபேன் வேண்டும், அப்போதும் முதுகு நனைந்துவிடும். தாகம் தாங்காது. வீட்டிலிருந்து கொண்டுபோகிற பாட்டில் முதல் பீரியட் முடிவதற்குள் காலி. குடித்ததெல்லாம் நிற்காமல் வெளியே வரும். எரிச்சல் இல்லை, வலி இல்லை, நாற்றம் இல்லை, நிறமும் கிட்டத்தட்ட வெறும் தண்ணீர்தான். ஆனால் சமன்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு ஓடவேண்டிய அவசரம். ராத்திரி கண் அசந்தால் ஒரு மணி நேரம், மிஞ்சினால் ஒன்றரை மணி நேரம், மறுபடி எழுந்திருக்க வேண்டும்.

டீச்சர்களுக்கான கழிப்பறை மைதானத்தின் அந்தக் கோடியில் இருக்கிறது. வேலைக்குப் போகிற பெண்களுக்கு இந்தக் கணக்கு நன்றாகத் தெரியும்: காலையில் காப்பியோடு நிறுத்திக்கொள்வது, மதியம் சோற்றோடு ஒரு டம்ளர், மிச்சத்தை வீட்டுக்கு வந்து குடிப்பது. ஜவுளிக்கடையில் நிற்கிறவர்கள், இரண்டு மணி நேரம் பஸ்ஸில் போய் வருகிறவர்கள் எல்லோருக்கும் இதே வழக்கம்தான். (கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தரவேண்டும் என்று 2021இல் தமிழ்நாட்டில் சட்டம் திருத்தினார்கள். எழுந்து கழிப்பறைக்குப் போவதற்கும் ஒரு வரி சேர்த்திருக்கலாம்.) நானும் தண்ணீரைக் குறைத்துப் பார்த்தேன். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது, தலை கிறுகிறுத்தது, ஓட்டம் மட்டும் குறையவில்லை.

வீட்டில் ஒரே தீர்ப்பு, உடம்புச் சூடு. அத்தை பார்லித் தண்ணீர் வைத்துக் கொடுத்தார்கள். வெந்தயம், இளநீர், சப்ஜா விதை, நீர்மோர் என்று வரிசையாக வந்தது. எல்லாமே குடிக்கிற சாமான். சிறுநீர் கூடுதலாகப் போகிறது என்று வந்தவளுக்கு இன்னும் ஒரு லிட்டர் ஏற்றி அனுப்புகிற வைத்தியம். அவர்களைக் குறை சொல்ல முடியாது. நீர்க்கடுப்பு என்றால் அதைத்தான் செய்வார்கள். ஆனால் எனக்குக் கடுப்பு என்று எதுவுமே இல்லை என்பதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பக்கத்து கிளினிக்கில் யூரின் டெஸ்ட் எழுதினார்கள். சீழ் அணுக்கள் 6-8 என்று வந்தது. சாதாரணமாக 5 வரை இருக்கலாம் என்பதால் "லேசா இன்ஃபெக்‌ஷன்மா" என்று ஐந்து நாளைக்கு ஆன்டிபயாடிக். கேட்கவில்லை என்றதும் அதைவிடத் தூக்கலாக இன்னொன்று. இடையில் சுகர் பார்த்தார்கள், மூன்று மாத சராசரி 5.4, சர்க்கரை நோய் இல்லை. வயிற்று ஸ்கேனில் கர்ப்பப்பையில் 2 சென்டிமீட்டர் நார்க்கட்டி ஒன்று தெரிந்தது. அவ்வளவுதான், எல்லோருக்கும் காரணம் கிடைத்துவிட்டது. கட்டி நீர்ப்பையை அழுத்துகிறதாம். என் மதினி போனில், "பிள்ளைதான் பெத்தாச்சே, எடுத்துப் போட்டுட்டு நிம்மதியா இருங்க மதினி" என்றாள். பெரிய கட்டி, அதுவும் நீர்ப்பைக்கு நேர் மேலே இருந்தால் அழுத்தும் என்பது உண்மை. 2 சென்டிமீட்டர் கட்டியை இப்படிக் குற்றம் சொல்வதற்கில்லை. இதைவிட முக்கியம், தைராய்டு ஏகத்துக்கும் கூடியிருக்கிற ஒரு பெண்ணை அது தெரியாமல் ஆபரேஷனுக்குக் கொண்டுபோனால், மயக்க மருந்தும் அறுவையும் சேர்ந்து உயிருக்கே ஆபத்தான நிலையில் கொண்டுபோய் விடலாம். இது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. கேட்டபோது வயிறு கலங்கியது.

இதற்குள் நான் நன்றாக இளைத்திருந்தேன். ஸ்டாஃப் ரூமில் ஏகப்பட்ட பாராட்டு. "டீச்சர், என்ன டயட்? எங்களுக்கும் சொல்லுங்க." டயட் எங்கே இருக்கிறது, காலையில் ஐந்து தோசை சாப்பிட்டுவிட்டுப் பதினொரு மணிக்கு யார் டிபன் பாக்ஸில் என்ன இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். நிறையச் சாப்பிட்டும் ஒருவர் இளைக்கிறார் என்றால் அது பாராட்ட வேண்டிய விஷயமே இல்லை. பெரும்பாலும் சுகர், இல்லை தைராய்டு, இரண்டையும் பார்த்தாக வேண்டும்.

மார்கழி பிறந்தது. விடியற்காலையில் சிக்குக் கோலம் போடுவது எனக்குப் பிடித்த வேலை. பதினைந்து புள்ளி வைத்து, இழை எங்கேயும் விட்டுப்போகாமல் சுற்றி வந்து முடிப்பேன். அந்த வருடம் இழை வளையும் இடத்திலெல்லாம் மாவு பிசிறியது. நேர்கோடே சின்னச் சின்ன அலையாக விழுந்தது. குளிர் என்று நினைத்தால் எனக்குத்தான் வேர்க்கிறதே. எதிர் வீட்டு ஆச்சி நின்று பார்த்துவிட்டு, "கை நடுங்குதே தாயி, சாப்டியா இல்லியா?" என்று கேட்டார்கள். அன்று ராத்திரி படுத்தபோது நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. மறுநாள் என் வீட்டுக்காரர் திருநெல்வேலிக்குக் கூட்டிப்போனார்.

அந்த டாக்டர் பொது மருத்துவர், வயதானவர். ஃபைலைத் திறக்கும் முன்னால் கையைப் பிடித்து நாடி பார்த்தார். உட்கார்ந்திருக்கும்போதே 118. இரண்டு கையையும் நீட்டச் சொல்லி, விரல்களுக்கு மேல் ஒரு வெள்ளைத்தாளை வைத்தார். தாளின் ஓரம் காற்றே இல்லாமல் படபடத்தது. ஒரு வாய் தண்ணீரைக் கொடுத்து விழுங்கச் சொல்லிக் கழுத்தைப் பார்த்தார். அப்புறம் இதுவரை யாரும் கேட்காத ஒரு கேள்வி: "ஒவ்வொரு தடவையும் நெறைய போகுதாம்மா, இல்ல கொஞ்சம் கொஞ்சமா போகுதா?"

இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தாலே பாதி வழி தாண்டிவிடலாம். கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி, போய் வந்த கையோடு மறுபடி வருகிற மாதிரி இருந்தால் கோளாறு பெரும்பாலும் நீர்ப்பையில்: கிருமித்தொற்று, நீர்ப்பை எதற்கெடுத்தாலும் சுருங்குவது, மாதவிடாய் நின்ற பிறகு அந்த இடத்துச் சவ்வு வறண்டுபோவது, கர்ப்பப்பை இறக்கம், முழுதாகக் காலியாகாமல் மிச்சம் தங்குவது. ஒவ்வொரு தடவையும் நிறையப் போனால், நீர்ப்பை அதன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறது, மேலேயிருந்து சிறுநீரகம் கூடுதலாக அனுப்புகிறது. அப்போது பார்க்கவேண்டியது ரத்தச் சர்க்கரை, தைராய்டு, கால்சியம், சாப்பிடுகிற மாத்திரைகள், குடிக்கிற தண்ணீரின் அளவு.

வீட்டிலேயே அளந்து வரச் சொன்னார். சமையலுக்கு உதவாமல் கிடந்த, மில்லி லிட்டர் கோடு போட்ட பிளாஸ்டிக் ஜாடி ஒன்றைப் பாத்ரூமில் வைத்துக்கொண்டேன். ஒரு நோட்டில் நான்கு பத்தி: மணி, குடித்தது, போனது, அவசரம் அல்லது கசிவு. மூன்று நாள் எழுதினால் போதும், அது அடுத்தடுத்த நாளாக இருக்கவேண்டும் என்றுகூட இல்லை. பள்ளியில் அளக்க முடியாது என்பதால் சனி, ஞாயிறோடு ஒரு விடுமுறை நாளைச் சேர்த்துக்கொண்டேன். கணக்கு டீச்சருக்கு இதில் ஒரு சின்ன சந்தோஷம் என்றுகூடச் சொல்லலாம். ஒரு தடவைக்கு 350, 400 என்று வந்தது. இருபத்துநாலு மணி நேரத்தில் மொத்தம் 3 லிட்டரைத் தாண்டியது. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 3 லிட்டருக்கு மேல் போனால் அதிகம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். ராத்திரிப் படுத்ததிலிருந்து காலையில் எழுந்து முதலில் போவது வரைக்கும் உள்ளதைத் தனியாகக் கூட்டிப் பார்க்கச் சொன்னார். நாள் மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ராத்திரியில் போனால் அதற்கென்று தனிக் காரணங்கள் உண்டு: பகலில் காலில் கோத்துக்கொள்கிற நீர், குறட்டையோடு மூச்சு அடைபடுகிற தூக்கக் கோளாறு, இதயம் சம்பந்தப்பட்டவை. அதனால்தான் அந்தத் தனிக் கூட்டல்.

ரத்தப் பரிசோதனையில் டி.எஸ்.எச். 0.01க்கும் கீழே. பெரும்பாலான லேப்களில் 0.4இலிருந்து 4 வரை, சிலவற்றில் அதற்குக் கொஞ்சம் மேலே வரைக்கும் சாதாரணம் என்று போட்டிருப்பார்கள். டி.எஸ்.எச். என்பது மூளைக்கு அடியிலிருக்கும் பிட்யூட்டரி, தைராய்டுக்கு அனுப்புகிற உத்தரவு. தைராய்டு தானாகவே தாறுமாறாகச் சுரக்கும்போது அந்த உத்தரவு அடியோடு நின்றுவிடும். அதனால் எண் குறைந்திருந்தால் தைராய்டு கூடியிருக்கிறது, எண் கூடியிருந்தால் தைராய்டு குறைந்திருக்கிறது என்று பொதுவாக அர்த்தம். இது தலைகீழாக இருப்பதால் ஸ்டாஃப் ரூமில் ரிப்போர்ட்டைப் பார்க்கிற எல்லோரும் குழம்புவார்கள். தைராய்டு சுரக்கிற ஹார்மோனைக் காட்டுகிற ஃப்ரீ டி4 ஏகத்துக்கும் கூடியிருந்தது. ஆன்டிபாடி பரிசோதனையில் கிரேவ்ஸ் நோய் என்று உறுதியானது. ராபர்ட் கிரேவ்ஸ் என்ற ஐரிஷ் மருத்துவர் 1835இல் விவரித்த நோய். நம் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தைராய்டைத் தூண்டிவிட்டு நிறுத்தாமல் சுரக்க வைக்கிறது. ஆண்களைவிடப் பெண்களுக்குத்தான் பல மடங்கு அதிகமாக வருகிறது.

இதற்கும் சிறுநீருக்கும் என்ன தொடர்பு என்று கேட்டேன். டாக்டர் சொன்னதை என் பாஷையில் சொல்கிறேன். தைராய்டு கூடினால் இதயம் வேகமாக அடிக்கிறது, சிறுநீரகத்துக்குப் போகிற ரத்தமும் கூடுகிறது, வடிகட்டுகிற வேகமும் ஏறுகிறது. மோட்டாரை வேகமாக ஓட்டினால் குழாயில் தண்ணீர் கூட வருகிற மாதிரிதான். வேர்வையும் தாகமும் சேர்ந்து நம்மைக் குடிக்க வைக்கின்றன, குடித்தது வந்துதானே ஆகவேண்டும். சிலருக்கு எலும்பிலிருந்து கால்சியம் கூடுதலாகக் கரைந்து ரத்தத்தில் சேரும், அதுவும் சிறுநீரைக் கூட்டும். சிலருக்கு ரத்தச் சர்க்கரையும் ஏறும், ஏற்கெனவே சுகர் உள்ளவர்களுக்குக் கட்டுப்பாடு கெடும். அட்ரினலினுக்கு உடம்பு ரொம்பவும் துள்ளுவதால் அவசரமும் சேர்ந்துகொள்கிறது. ராத்திரி விஷயம் தனி. படபடப்பில் தூக்கம் மேலோட்டமாக இருக்கிறது, சும்மாவே விழிப்புத் தட்டுகிறது, விழித்ததும் போய்விட்டு வரலாம் என்று தோன்றுகிறது. எழுந்தது சிறுநீருக்காகவா, எழுந்ததால் போனோமா என்று பிரித்துப் பார்க்கச் சொன்னார். எனக்கு இரண்டும் கலந்திருந்தது.

தைராய்டு சுரப்பைக் குறைக்க மருந்து கார்பிமசோல். படபடப்புக்கும் நடுக்கத்துக்கும் முதல் சில வாரம் புரோப்ரனலால். ஆஸ்துமா இருந்தால் முதலிலேயே சொல்லிவிட வேண்டும், அவர்களுக்கு இந்த மாத்திரை ஒத்துக்கொள்ளாது. கார்பிமசோல் சாப்பிடுகிற எல்லோரும் மனப்பாடமாக வைத்திருக்கவேண்டியது ஒன்று: காய்ச்சலோ தொண்டைவலியோ வாய்ப்புண்ணோ வந்தால் அன்றைக்கே மாத்திரையை நிறுத்திவிட்டு ரத்த வெள்ளை அணுக்களின் எண்ணிக்கையைப் பார்க்க வேண்டும். அரிதாகத்தான் நடக்கும், ஆனால் அணுக்கள் அடியோடு விழுந்துவிட்டால் சாதாரணத் தொற்றே ஆளைச் சாய்த்துவிடும். மழைக்காலத்துத் தொண்டைவலிதானே என்று விடக்கூடாத சந்தர்ப்பம் இது. குழந்தைக்குத் திட்டமிடுகிறவர்களும் டாக்டரிடம் முன்கூட்டியே பேசவேண்டும். கர்ப்பத்தின் தொடக்க மாதங்களில் கார்பிமசோலைத் தவிர்த்து வேறு மருந்து கொடுப்பார்கள்.

சில வாரங்களில் முதலில் தாகம் அடங்கியது. அப்புறம் நடுக்கம். ராத்திரி எழுந்திருப்பது மெதுவாகக் குறைந்து, ஒரு கட்டத்தில் ஒரு தடவைக்கு வந்தது. ஜாடியை எடுத்து மறுபடி அளந்தேன், நாள் மொத்தம் 2 லிட்டருக்கும் கீழே. ரிப்போர்ட்டில் டி.எஸ்.எச். மட்டும் அப்படியே 0.01இல் நின்றது. பயப்படத் தேவையில்லை, ஃப்ரீ டி4 சரியான பிறகும் டி.எஸ்.எச். மாதக்கணக்கில் தூங்கிக்கொண்டிருக்கும், ஆரம்பத்தில் டி4ஐத்தான் பார்க்கவேண்டும் என்றார் டாக்டர்.

அதன் பிறகு நடந்தது எதிர்ப்பக்கம். மருந்து என் உடம்பில் தேவைக்கு அதிகமாகவே வேலை செய்து, டி.எஸ்.எச். 14க்கு ஏறிவிட்டது. இப்போது தைராய்டு குறைவு. கார்பிமசோல் சாப்பிடுகிறவர்களுக்கு இது சகஜம், அதற்காகத்தான் முதலில் 4-6 வாரத்துக்கு ஒரு தடவை ரத்தம் எடுக்கிறார்கள். முகம் உப்பியது. மோதிரம் கழலவில்லை. மூன்று நாளைக்கு ஒரு தடவைதான் மலம். சிறுநீரைப் பொறுத்தவரை அவசரமெல்லாம் போய்விட்டது, மதியம் வரைக்கும் போகவேண்டும் என்ற நினைப்பே வராது. மைதானக் கோடிக்கு நடக்க வேண்டியதில்லை என்று நிம்மதியாகக்கூட இருந்தது. ஆனால் போனால் முழுதாகப் போன உணர்வு இல்லை. தும்மினால், இருமினால், மாடிப்படி இறங்கினால் சொட்டுச் சொட்டாகக் கசிந்தது.

தைராய்டு குறைந்தால் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தம் குறைகிறது, உடம்பில் நீர் தங்குகிறது. சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டுகிற கிரியாட்டினின் கொஞ்சம் ஏறியிருந்தால் கிட்னி போய்விட்டது என்று கலங்கவேண்டாம், தைராய்டு சரியானதும் பலருக்கு அதுவும் இறங்கிவிடும். எனக்கும் 1.2இலிருந்து 0.8க்கு வந்தது. குறைவு ரொம்ப அதிகமாக இருப்பவர்களுக்கு ரத்தத்தில் சோடியம் குறையலாம். குழப்பமும் தூக்கக் கலக்கமும் வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். நீர்ப்பையும் மந்தமாகலாம், நிறைந்ததே தெரியாமல் மிச்சம் தங்கலாம். சிறுநீர் போனவுடன் ஒரு ஸ்கேன் எடுத்தால் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று தெரிந்துவிடும், வலியில்லாத பரிசோதனை. இதோடு மலச்சிக்கல் சேர்ந்தால் நெருக்கம் இன்னும் கூடும், இறுகிய மலம் நீர்ப்பையைப் பின்னாலிருந்து தள்ளும். தைராய்டு குறைந்து எடை கூடி, குறட்டையும் மூச்சடைப்பும் வந்தவர்கள் ராத்திரி சிறுநீருக்கு எழுந்திருப்பார்கள். தூக்கத்தைச் சரி செய்தால் இதுவும் குறையும். ஆக, தைராய்டு கூடினாலும் ராத்திரி எழுந்திருக்கலாம், குறைந்தாலும் எழுந்திருக்கலாம். அறிகுறியை மட்டும் வைத்து எந்தப் பக்கம் என்று சொல்லிவிட முடியாது.

என் மதினியின் கதையை இங்கே சொல்ல வேண்டும். அவளுக்குப் பல வருடமாகத் தைராய்டு குறைவு. தைராக்ஸின் மாத்திரையைக் காலையில் டிகிரி காப்பியோடு போட்டுக்கொள்வாள், கையோடு கால்சியம் மாத்திரையும். உறிஞ்சப்படுவது பாதிதான் என்பதால் டி.எஸ்.எச். இறங்கவே இல்லை, டாக்டர் அளவை ஏற்றிக்கொண்டே போனார். ஒரு நாள் மெடிக்கல் ஷாப்பில் யாரோ, வெறும் வயிற்றில் தண்ணீரோடு போடவேண்டும், அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை காப்பியோ சாப்பாடோ கூடாது, கால்சியமும் இரும்புச்சத்து மாத்திரையும் நான்கு மணி நேரம் தள்ளித்தான் என்று சொல்லியிருக்கிறார்கள். அவளும் அப்படியே செய்ய ஆரம்பித்தாள். நல்லதுதான். ஆனால் ஏற்றிய அளவு அப்படியே இருக்க, இப்போது அத்தனையும் உடம்பில் சேர்ந்தது. இரண்டு மாதத்தில் படபடப்பு, தூக்கமின்மை, மணிக்கு ஒரு தடவை பாத்ரூம். எனக்குக் கர்ப்பப்பையை எடுக்கச் சொன்னவள், "மதினி, எனக்கும் அந்தக் கட்டி வந்துருக்குமோ?" என்று கேட்டாள். டி.எஸ்.எச். பார்த்தால் 0.05. அளவைக் குறைத்ததும் சரியானது. மாத்திரை சாப்பிடும் முறையை மாற்றினாலும், கம்பெனியை மாற்றினாலும், அளவை மாற்றினாலும் 6-8 வாரம் கழித்து ஒரு டி.எஸ்.எச். பார்ப்பதுதான் சரி. தைராக்ஸின் உடம்பில் மெதுவாகத்தான் நிலைக்கு வரும், பதினைந்து நாளில் பார்த்தால் பாதிக் கதைதான் தெரியும். அதிகப்படியான தைராக்ஸின் வெறும் பாத்ரூம் தொல்லையோடு நிற்காது. வருடக்கணக்கில் போனால் எலும்பு தேயும், இதயத் துடிப்பு தாளம் தப்பும்.

பரிசோதனை பற்றி இன்னும் ஒன்று. முடி கொட்டுகிறது என்று பயோட்டின் மாத்திரை சாப்பிடாத பெண்ணே இப்போது குறைவு. அது சில லேப் கருவிகளைக் குழப்பி, தைராய்டு கூடியிருப்பதுபோல் பொய்யான ரிப்போர்ட்டைக் கொடுக்கும். ரத்தம் கொடுப்பதற்கு இரண்டு நாள் முன்பாவது நிறுத்தவேண்டும், பெரிய அளவில் சாப்பிட்டால் இன்னும் முன்னதாக. மாத்திரையின் பெயரைச் சொன்னால் டாக்டரே சொல்லிவிடுவார். அதேபோல யூரின் டெஸ்டில் ஏழெட்டுச் சீழ் அணு இருந்தால் உடனே ஆன்டிபயாடிக்குக்குப் போகாதீர்கள். கழுவிவிட்டு, முதலில் வருவதை விட்டு, நடுவில் வருவதை லேபில் தருகிற சுத்தமான டப்பாவில் பிடிக்கவேண்டும். வெள்ளைப்படுதல் கலந்தாலே அணுக்கள் கூடித் தெரியும். கிருமி வளர்கிறதா என்று பார்க்கிற கல்ச்சருக்குக் கொடுத்துவிட்டு, முடிவு வர இரண்டு நாள் ஆனாலும், எரிச்சலோ காய்ச்சலோ இல்லாதவர்கள் காத்திருக்கலாம். கர்ப்பிணிகள் விதிவிலக்கு, அவர்களுக்கு அறிகுறி இல்லாவிட்டாலும் கிருமி இருந்தால் மருந்து வேண்டும்.

கார்பிமசோல் அளவைக் குறைத்து, டி.எஸ்.எச். 2க்குப் பக்கத்தில் வந்து நின்றது. மலச்சிக்கல் போனது, உப்பல் வடிந்தது, முழுதாகப் போகாத உணர்வும் போனது. தும்மினால் கசிவது மட்டும் போகவில்லை. அடுத்த ரிப்போர்ட்டும் சரி, அதற்கடுத்ததும் சரி, கசிவு அப்படியே. தைராய்டு எடுத்துக்கொள்ளவேண்டியதை எடுத்துக்கொண்டு போய்விட்டது, இது அதனுடையது இல்லை. இரண்டு சுகப்பிரசவம், அதில் இரண்டாவது நாலு கிலோவுக்குப் பக்கம். இடுப்புத்தளத் தசை அப்போதே தளர்ந்திருக்கிறது, எடை கூடியதும் வெளியே தெரிந்தது. தைராய்டு வந்த பிறகு உடம்பில் எது நடந்தாலும் அதன் தலையில் கட்டிவிட்டு மாத்திரை அளவை ஏற்று, இறக்கு என்று டாக்டரிடம் சண்டை போடுகிற பெண்களை லேப் வாசலில் நிறையப் பார்க்கிறேன். டி.எஸ்.எச். சரியான பிறகும் இரண்டு மூன்று மாதம் தாண்டி சிறுநீர்த் தொல்லை நீடித்தால் வேறு காரணத்தைத் தேடவேண்டும். எனக்குப் பிசியோதெரபிஸ்ட்தான் வழி காட்டினார்.

பயிற்சி இதுதான்: நாலு பேர் நடுவில் வாயு வெளியேறிவிடாமல் எப்படி இறுக்குவோமோ, அப்படி உள்பக்கமாக இறுக்கி மேலே இழுக்கவேண்டும். வயிறு, தொடை, பிட்டம் இறுகக்கூடாது, மூச்சை அடக்கக்கூடாது. சில விநாடி பிடித்து, அதே நேரம் தளர்த்தி, எட்டு தடவை, ஒரு நாளைக்கு மூன்று வேளை. குறைந்தது மூன்று மாதம். சிறுநீர் போகும்போது நடுவில் நிறுத்திப் பழகுவது நல்லதல்ல என்றார், அது நீர்ப்பை காலியாவதைக் கெடுக்கும். தும்மல் வரப்போகிறது என்று தெரிந்ததும் ஒரு இறுக்கு, அப்புறம் தும்மல். நான் பஸ்ஸில் உட்கார்ந்து செய்வேன், சங்கரன்கோவில் வருவதற்குள் ஒரு வேளைக் கணக்கு முடிந்துவிடும், பக்கத்துச் சீட்டுக்குக்கூடத் தெரியாது. கசிவு முழுதாக நிற்கவில்லை, சளிப் பிடித்தால் லேசாக வரும். ஆனால் நாப்கின் வைத்துக்கொண்டு பள்ளிக்குப் போன காலம் போய்விட்டது.

அவசரம் பிரதானமாக இருப்பவர்களுக்கு வேறு பழக்கம் உண்டு: தோன்றியதும் ஓடாமல் ஐந்து நிமிடம் தள்ளி, அப்புறம் பத்து, பதினைந்து என்று இடைவெளியை நீட்டி மூன்று மணி நேரத்துக்குக் கொண்டுவருவது. டீ, காப்பியைக் குறைத்தாலே சிலருக்குப் பாதி சரியாகிவிடும். ஸ்டாஃப் ரூமில் வருகிற மூன்று டீயில் இரண்டை விட்டேன், கஷ்டமாகத்தான் இருந்தது. பிரஷருக்குச் சாப்பிடுகிற மாத்திரையில் நீர் பிரிக்கிற மருந்து சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் சாயங்காலம் போடுவதைக் காலைக்கு மாற்றலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். மனநலத்துக்கு லித்தியம் சாப்பிடுகிறவர்கள் அதிகத் தாகம், அதிகச் சிறுநீர் என்றால் கட்டாயம் சொல்லவேண்டும். அந்த ஒரே மருந்து தைராய்டையும் குறைக்கலாம், சிறுநீரையும் கூட்டலாம். ஆனால் தானாக நிறுத்தக்கூடாது.

சிறுநீரில் ரத்தம், குளிர்நடுக்கத்தோடு காய்ச்சல், விலாவில் வலி, சிறுநீரே போகாமல் அடைப்பது, தொடை இடுக்கு மரத்துப்போவது: இதில் எது வந்தாலும் தைராய்டு ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே காட்டவேண்டும்.

ஒன்றரை வருடத்துக்குப் பிறகு எனக்குக் கார்பிமசோலை நிறுத்தினார்கள். கிரேவ்ஸ் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்குத் திரும்பி வருகிறது, பெரும்பாலும் முதல் வருடத்துக்குள். திரும்பினால் கதிரியக்க அயோடின் அல்லது ஆபரேஷன் என்று பேச்சு இருக்கிறது. அயோடின் எடுத்துக்கொண்டால் அதில் பெரும்பகுதி சிறுநீரில்தான் வெளியேறுமாம், நிறையத் தண்ணீர் குடித்து அடிக்கடி போகவேண்டும், போகும்போதெல்லாம் இரண்டு தடவை தண்ணீர் ஊற்றவேண்டும், அந்த நாட்களில் வீட்டுக் குழந்தைகளிடமிருந்து தள்ளி இருக்கவேண்டும். கசிவு இருக்கிறவர்கள் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும் என்பதையும் கேட்டு வைத்துக்கொண்டேன். இப்போதைக்கு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ரத்தம் கொடுக்கிறேன். நடுவில் தாகமோ ராத்திரி எழுந்திருப்பதோ கூடினால் முதலில் ஜாடி. மூன்று நாள் அளந்து பார்த்து அளவு நிஜமாகவே கூடியிருந்தால் நாடியையும் எண்ணிக் குறித்துக்கொண்டு, அடுத்த தேதிக்குக் காத்திருக்காமல் லேபுக்குப் போவேன். கூடவில்லை என்றால் அந்த வாரம் ஸ்டாஃப் ரூமில் எத்தனை டீ குடித்தேன் என்று யோசிப்பேன்.